பள்ளியில் சக மாணவர் சமரசக் குழு: தொடங்குவது முதல் கைமாற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மாணவர்களுக்கிடையே எழும் மனத்தாங்கல்களை, பயிற்சி பெற்ற சக மாணவர்கள் இருவர் உடனிருந்து பேசித் தீர்க்க உதவும் ஏற்பாட்டைத் தங்கள் பள்ளியில் தொடங்க விரும்பும் சென்னை ஆசிரியர்களுக்காகவும் பள்ளி ஆலோசகர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் வாரத்திலேயே மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேட்ஜ் குத்திவிட்டு, அதன் பிறகுதான் எந்தச் சண்டையை அவர்களிடம் அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று யோசிக்கிறார்கள். உண்மையில் மாணவர்களைத் தயார்ப்படுத்துவது கடைசி வேலைகளில் ஒன்று. பெரியவர்கள் செய்து முடிக்க வேண்டியவை அதற்கு முன்னால் நிறைய இருக்கின்றன. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. மேசைக்கு வரக்கூடாதவற்றை முதலில் எழுதுங்கள்

சமரசம் என்பது ஏறத்தாழச் சம பலமுள்ள இருவருக்கு இடையில் மட்டுமே நடக்கக்கூடியது. ஒருவர் அஞ்சி நடுங்கும் நிலையில் இருக்கும்போது இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்றால், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது இரண்டாவது அடியாகவே விழும். ஆகவே ஒரு பிள்ளையைக் கூட்டமாகச் சேர்ந்து தொடர்ந்து சீண்டுவது, மிரட்டிக் காசு பறிப்பது போன்ற கொடுமைகள் சமரசத்துக்கு உரியவை அல்ல. அவற்றை ஆசிரியர்களும் தலைமையாசிரியரும்தான் கையாள வேண்டும்.

பாலியல் தொந்தரவு சார்ந்த எதுவும் இந்த மேசைக்கு வரக்கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. அந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அவர்கள் வாயிலாக விஷயம் தெரியவரும் ஆசிரியருக்கு அந்த விலக்கு கிடையாது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. அது தென்மாவட்டத்துச் சங்கதி, சென்னையில் அப்படி ஏதும் இல்லை என்று பல ஆசிரியர்கள் நம்புகிறார்கள். வகுப்பறையில் வைக்கப்படும் பட்டப்பெயர்களைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் அந்த நம்பிக்கை நிலைக்காது. சாதியால் அவமதிக்கப்பட்ட பிள்ளையிடம் ‘நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு’ என்று கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆயுதம், போதைப்பொருள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், வீட்டில் அடிபடுதல், ஒருவருடைய அந்தரங்கப் படத்தைப் பரப்புதல், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான பிரச்சினை ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 ஆகியவை அதே தாளில் இருக்கட்டும். இந்தத் தாள் தயாராகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இவை போக மேசைக்கு வரக்கூடியவை ஏராளம். புறம்பேசியதால் முறிந்த நட்பு, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியது, கேட்காமல் ஸ்டேட்டஸில் போட்ட படம், இரவல் வாங்கித் தொலைத்த கால்குலேட்டர், கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று தொடங்கி வீட்டாரைத் திட்டும்வரை போன வாய்ச்சண்டை, மாநகரப் பேருந்தில் யாருக்கு யார் இடம் பிடிப்பது என்ற தகராறு போன்றவை அவை. பெரியவர்களின் கண்ணுக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். இதே காரணங்களால்தான் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள், வயிற்றுவலி என்று சொல்லி விடுப்பு எடுக்கிறார்கள்.

2. பொறுப்பாசிரியர்கள் இருவரை உறுதிசெய்யுங்கள்

ஒருவர் போதாது. அவர் தேர்தல் பணிக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் அன்றைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆளில்லாமல் போகும். மாணவ மாணவியர் சேர்ந்து படிக்கும் பள்ளியில் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். உடற்கல்வி ஆசிரியரை இதில் சேர்ப்பது மிகவும் பயன்தரும், ஏனெனில் சண்டை மூளும் இடங்களை அவரைப்போல் அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்பும் அவரிடமே இருந்தால் சேர்க்க வேண்டாம். தண்டிக்கும் கையும் சமரசத்துக்கு அழைக்கும் கையும் ஒன்றாக இருந்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, எல்லா ஆசிரியர்களுக்குமாக ஒரு மணி நேரக் கூட்டம் நடத்துங்கள். ‘நான் ஒரு அதட்டு அதட்டினா ரெண்டு நிமிஷத்துல முடியுற விஷயத்துக்கு இவ்வளவு வேலையா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். அதட்டினால் சத்தம்தான் நிற்கிறது, காரணம் அப்படியே இருந்துகொண்டு பள்ளி வாசலுக்கு வெளியே தொடர்கிறது என்பதே அதற்கான பதில். சமரச அறையில் பேசியவற்றைச் சமரச மாணவர்களிடம் தனியே கூப்பிட்டு விசாரிப்பதில்லை என்ற வாக்குறுதியையும் அந்தக் கூட்டத்திலேயே ஆசிரியர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஓய்வறையில் ‘என்னம்மா, அவங்க ரெண்டு பேருக்கும் என்னவாம்?’ என்று சாதாரணமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி திட்டத்தின் மீதான மொத்த நம்பிக்கையையும் உடைத்துவிடும்.

3. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைத்து விளக்குங்கள். பெற்றோருக்கு இரண்டு அச்சங்கள் இருக்கும். படிப்பு கெடும் என்பது ஒன்று, ‘ஊர் வம்பு நம்ம பிள்ளைக்கு எதுக்கு?’ என்பது மற்றொன்று. வாரத்துக்கு ஓர் அமர்வுக்கு மேல் எந்த மாணவருக்கும் தரப்படாது என்பதையும், அடிதடியில் இறங்கிப் பிரித்துவிடுவது அவர்கள் வேலை அல்ல என்பதையும் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

4. சமரச மாணவர்களைத் தேர்ந்தெடுத்தல்

முதல் மதிப்பெண் எடுப்பவர்களையும் வகுப்புத் தலைவர்களையும் மட்டுமே எடுப்பது மிகப் பரவலான பிழை. அவர்கள் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம், ஆனால் கடைசி பெஞ்சில் இருப்பவர் அவர்களிடம் மனம் திறப்பாரா என்பதே கேள்வி. அதனால் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, ‘உனக்கு ஒரு மனக்கஷ்டம் என்றால் இந்த வகுப்பில் யாரிடம் சொல்வாய்?’ என்று கேட்டு மூன்று பெயர்களை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் எதிர்பார்க்காத பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களில் முன்பு சண்டைக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரும் இருக்கக்கூடும், தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8, 9, 11ஆம் வகுப்புகளிலிருந்து எடுங்கள். 10, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத்தேர்வுச் சுமையே போதும். பன்னிரண்டு முதல் பதினாறு பேர் வரை வைத்துக்கொண்டால் சுழற்சி முறையில் யாருக்கும் பாரமில்லாமல் ஓடும்.

பள்ளியில் எத்தனை விதமான பிள்ளைகள் இருக்கிறார்களோ அத்தனை விதமும் குழுவில் தெரிய வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் நகரின் பல மூலைகளிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அடுத்தடுத்த பிளாக்குகளில் வாழ்கின்றன. யார் எந்த இடத்திலிருந்து வந்தவர் என்பதே அங்கே சில நேரங்களில் அணி பிரிக்கும் கோடாகிவிடும். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இந்தி பேசும் ஒருவரும், தெலுங்கோ உருதுவோ வீட்டுமொழியாக உள்ளவர்கள் மிகுந்த பகுதிகளில் அம்மொழி தெரிந்த ஒருவரும் குழுவில் இருப்பது நல்லது. கோபம் வந்தால் பிள்ளைகள் வீட்டுமொழிக்குத்தான் திரும்புவார்கள்.

5. பயிற்சி

குறைந்தது 12 மணி நேரப் பயிற்சி தேவை. அதைச் சனிக்கிழமைகளில் மூன்று மணி நேர வகுப்புகளாகப் பிரிக்கலாம். இதில் சொற்பொழிவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரம் ஒதுக்காதீர்கள். மீதி எல்லாம் நடித்துப் பார்க்கும் பயிற்சியாக இருக்கட்டும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005ஆம் ஆண்டு முதல் சமரச மையம் இயங்கிவருகிறது. அங்கே பயிற்சி பெற்ற வழக்கறிஞர் எவரேனும் உங்களுக்கு அறிமுகமானவராக இருந்தால் ஒரு வகுப்புக்கு அழைக்கலாம். சட்டம் பேச வேண்டாம், கேட்கும் முறையை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வதே பயிற்சியின் உயிர். எரிச்சலோடு வரும் சொற்களிலிருந்து பழியைக் களைந்துவிட்டு, நடந்ததையும் வலியையும் மட்டும் எடுத்து, ‘நான் சொன்னது சரியா?’ என்று முடிக்கப் பழக்க வேண்டும். இரண்டாவதாக, ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்க்கப் பழக்குங்கள். ‘ஏன் அப்படிச் செஞ்ச?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் காரணம் தேடிக் கட்சி கட்டத் தொடங்குவார். ‘அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?’ என்று கேட்டால் கதை சொல்லத் தொடங்குவார். மூன்றாவதாக, தீர்ப்புச் சொல்லும் ஆசையை அடக்கப் பழக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, ஏனெனில் தெருவில் அவர்கள் பார்த்து வளர்ந்ததெல்லாம் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து யார்மேல் தப்பு என்று சொல்லும் பஞ்சாயத்துதான்.

ரகசியத்தின் எல்லையையும் பயிற்சியிலேயே மனப்பாடமாக்குங்கள். ஒருவருக்கு ஆபத்து என்று தெரியும் எதையும் ரகசியமாக வைத்திருக்கக்கூடாது. உடனே அமர்வை நிறுத்திவிட்டுப் பொறுப்பாசிரியரிடம் வர வேண்டும். ‘இது எங்களால தனியா தாங்க முடியாத விஷயம், மிஸ்ஸ கூட்டிட்டு வரோம்’ என்ற ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் நடித்துப் பழகட்டும். சொல்லிப் பழகாத வாக்கியம் தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது.

6. இடமும் நேரமும்

தலைமையாசிரியர் அறையும் ஆசிரியர் ஓய்வறையும் வேண்டாம். நூலகத்தின் ஒரு மூலையோ பயன்பாட்டில் இல்லாத ஆய்வகமோ போதும். வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், பேசுவது கேட்கக்கூடாது. பொறுப்பாசிரியர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உடற்கல்விப் பாடவேளையை இதற்காக எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைக்கும் நல்ல நேரம் அது, அதை இழந்து வருபவர் எரிச்சலோடுதான் வருவார். சாப்பிட்டு முடித்த பின் எஞ்சும் உணவு இடைவேளையோடு அடுத்த பாடவேளையில் பாதியையும் சேர்த்தால் 40 நிமிடம் கிடைக்கும்.

7. பிரச்சினை வந்துசேரும் வழி

ஆசிரியர் அனுப்பலாம், மாணவர் தானே கேட்டு வரலாம், நண்பர் ஒருவரும் சீட்டு எழுதலாம். அரசுப் பள்ளிகளில் உள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பெட்டி பாலியல் தொந்தரவு உள்ளிட்ட கடுமையான புகார்களுக்கானது. அதில் பேனா சண்டைச் சீட்டுகள் நிறைந்தால் உண்மையான அபாயக் குரல் அவற்றுக்கிடையே அமுங்கிப்போகும். தனிப் பெட்டி ஒன்றை நூலக வாசலில் வையுங்கள்.

சீட்டு வந்ததும் பொறுப்பாசிரியர் இரு தரப்பையும் தனித்தனியே ஐந்து நிமிடம் சந்திக்க வேண்டும். முதல் படியில் எழுதிய பட்டியலில் இது வருகிறதா, ஒருவருக்கு மற்றவரிடம் அச்சம் இருக்கிறதா, இருவரும் மனமுவந்து வருகிறார்களா என்ற மூன்றையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதற்காகத் தண்டனை கிடையாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கட்டாயத்தின் பேரில் உட்காரவைத்தால் ‘சரி மிஸ்’ என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் அதையே தொடர்வார்கள்.

கோபம் கொதிக்கும்போது அமர்வு வைக்காதீர்கள், இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போடவும் செய்யாதீர்கள். குறிப்பாக வெள்ளிக்கிழமை மூண்ட சண்டையை அன்றே கொஞ்சமாவது ஆற்றிவிட்டு அனுப்புங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் அது கைப்பேசி வழியாகப் பத்து பேருக்குப் பரவிவிடும்.

8. அமர்வு

எப்போதும் இரண்டு சமரச மாணவர்கள் இருக்க வேண்டும். இருவருமே சண்டையிட்டவர்களின் வகுப்புப் பிரிவைச் சேராதவர்களாக இருப்பது நல்லது. இரு தரப்பையும் நேருக்கு நேர் உட்காரவைக்காமல் சற்றுச் சாய்வாக அமர்த்துங்கள். முறைத்துப் பார்க்காமல் பேச அது வழிசெய்யும். அதிகம் கொதிப்பவருக்குக் கதவுக்கு அருகில் இடம் கொடுத்தால், அடைபட்ட உணர்வு குறையும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும், அடுத்தவர் பேசும்போது எழும் மறுப்புகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். குறுக்கே பேசுவது இதனால் வெகுவாகக் குறைகிறது.

தொடக்கத்தில் நான்கு விதிகளைச் சொல்லி, இருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, உண்மையைப் பேச வேண்டும், இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. ரகசியத்துக்கு உள்ள விதிவிலக்கையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஒவ்வொருவரும் தன் பக்கத்தைச் சொல்வார்கள். அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் நெருங்கிய தோழிகளாக இருந்தவர்கள். விளையாட்டு விழாவில் எடுத்த குழுப் படத்திலிருந்து ஒருத்தியை வெட்டிவிட்டு மற்றவள் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அறைக்குள் முதல் சொல்லே ‘இவ எப்பவுமே இப்படித்தான், வேணும்னே பண்ணா’ என்பதுதான். சமரச மாணவி அதை எடுத்துக்கொண்டு, ‘போட்டோல உன்ன மட்டும் வெட்டினது கஷ்டமா இருந்துச்சு, அதைப் பார்த்து மத்தவங்க சிரிச்சது இன்னும் வலிச்சுது. நான் சொன்னது சரியா?’ என்று கேட்டாள். அந்தப் பெண் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சிரிச்சதுகூடப் பரவால்ல. செக்ஷன் மாத்தினதுலேர்ந்து இவ என்கூட சாப்பிட வர்றதே இல்ல’ என்றாள். மற்றவள் நிமிர்ந்து, ‘நீதான புது ஃப்ரெண்ட்ஸோட உக்காந்துட்ட, நான் வந்தா எழுந்து போயிடுவியோன்னு நெனச்சேன்’ என்றாள்.

படத்தைப் பற்றிய விசாரணையாக மட்டும் அது நடந்திருந்தால், படத்தை நீக்கு, மன்னிப்புக் கேள் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், உணவு இடைவேளையின் தனிமை அப்படியே இருந்திருக்கும். திருப்பிச் சொல்லும் பயிற்சிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

இரு தரப்பும் பேசி முடித்த பின், ‘இனி என்ன நடந்தா உனக்குச் சரியா இருக்கும்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். யோசனைகள் அவர்களிடமிருந்தே வரட்டும். மௌனம் நீண்டால் சமரச மாணவர்கள் பதறிப்போய்த் தாங்களே வழிசொல்லத் தொடங்குவார்கள். மனத்துக்குள் இருபது வரை எண்ணிக்கொண்டு காத்திருக்கச் சொல்லிக்கொடுங்கள். ‘ஸாரி சொல்லு, கை குடு’ என்று நெருக்குவது அறவே கூடாது. மன்னிப்பு தானாக வந்தால் வரட்டும், வராமலும் நல்ல உடன்பாடு அமையும்.

9. உடன்பாட்டை எழுதுதல்

‘இனிமேல் ஒற்றுமையாக இருப்போம்’ என்று எழுதினால் அது மீறப்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. யார், எதை, எப்போதுக்குள் செய்வார் என்று எழுத வேண்டும். மேற்சொன்ன தோழிகள், அன்று மாலைக்குள் படத்தை நீக்குவது, கேட்காமல் ஒருவர் படத்தை மற்றவர் போடுவதில்லை, செவ்வாயும் வியாழனும் சேர்ந்து சாப்பிடுவது என்று எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு வரியை எல்லா உடன்பாட்டிலும் சேர்க்கச் சொல்வேன். வெளியே நண்பர்கள் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டால் இருவரும் ஒரே மாதிரி என்ன பதில் சொல்வார்கள் என்பதே அது. ‘பேசிட்டோம், முடிஞ்சிடுச்சு’ என்ற அளவே போதும். இது இல்லாவிட்டால் வாசலில் காத்திருக்கும் நண்பர் கூட்டம் பழைய தீயை மறுபடி ஊதிவிடும்.

10. சமரச மாணவர்களின் மனத்தைக் கவனியுங்கள்

பெரும்பாலான பள்ளிகள் மறப்பது இதைத்தான். மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு, அதை யாரிடமும் சொல்லவும் முடியாமல் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போகிறது. வாரம் ஒருமுறை பொறுப்பாசிரியர் அவர்களை மட்டும் வைத்து அரை மணி நேரம் பேச வேண்டும். யாருடைய பெயரையும் சொல்லாமல், எது கடினமாக இருந்தது, எது மனத்தை விட்டுப் போகவில்லை என்று கேளுங்கள். தூக்கம் குறைந்தவர், கலகலப்பு குறைந்தவர் கண்ணில் பட்டால் உடனே ஓய்வு கொடுங்கள், தேவையானால் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். விலக விரும்பினால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லி விடுவிக்க வேண்டும். அமர்வு உடன்பாடில்லாமல் முடிந்தால் அது அவர்கள் தோல்வி அல்ல என்பதை, ஒவ்வொரு முறை அப்படி நடக்கும்போதும் சொல்லுங்கள்.

11. தொடர்கவனிப்பும் பதிவேடும்

மூன்றாம் நாள் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இரு தரப்பையும் தனித்தனியே விசாரியுங்கள். ‘எப்படிப் போகுது?’ என்ற அளவில் இருந்தால் போதும். உடன்பாடு முறிந்திருந்தால் குற்றம் சாட்டாமல் மறுஅமர்வுக்கு அழையுங்கள். இரண்டாவது முறையும் முறிந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள், அதைப் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் தேதி, வகுப்பு, சண்டையின் வகை, நடந்த இடம், முடிவு ஆகியவை மட்டும் இருக்கட்டும். பெயர் உள்ள உடன்பாட்டுத் தாள்கள் பூட்டிய அலமாரியில் தனியே இருந்து, கல்வியாண்டு முடிவில் கிழிக்கப்பட வேண்டும். ‘இடம்’ என்ற பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே குடிநீர்க் குழாயின் முன்னால் திரும்பத் திரும்ப சண்டை வந்தால், அங்கே தேவைப்படுவது இன்னொரு குழாய், அல்லது வகுப்புவாரியாக மாற்றி அமைத்த இடைவேளை. அதைப் பிள்ளைகளின் நடத்தைக் கோளாறாக எழுதி வைப்பது அநியாயம்.

12. ஆண்டின் ஓட்டமும் கைமாற்றமும்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு படிகளையும் முடித்துவிடலாம். ஜூலையில் பெற்றோர் ஒப்புதலும் தேர்வும், ஆகஸ்ட், செப்டம்பர் சனிக்கிழமைகளில் பயிற்சியும் நடக்கட்டும். காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபின் முதல் அமர்வைத் தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை விடுமுறைகள் திடீரென்று வரும் என்பதால், தொடர்கவனிப்புத் தேதிகளை விடுமுறைக்குத் தக்க மாற்றிக் குறித்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போய்விடுவார். ஆகவே பிப்ரவரியிலேயே ஏழாம், எட்டாம் வகுப்புகளிலிருந்து புதியவர்களைத் தேர்ந்தெடுத்து, இரு தரப்பும் சம்மதித்தால் அமர்வுகளில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதியுங்கள். அவர்கள் பார்வையாளராக இருக்கும் அந்த வாரங்களில் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அமர்வு முடிந்ததும் மூத்த மாணவர் இளையவரிடம் ‘நான் எந்த இடத்துல அவசரப்பட்டேன்?’ என்று கேட்கட்டும், ஏனெனில் வெளியிலிருந்து கவனிப்பவருக்கு அந்த இடம் தெளிவாகத் தெரியும், பதில் சொல்லும்போதே அவரும் அதைக் கற்றுக்கொள்கிறார். மார்ச் மாதத்தில் தேர்வுகள் தொடங்குமுன், முதல் படியில் எழுதிய அந்தத் தாளைப் புதிய குழுவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, அந்த ஆண்டில் தெரியவந்த புதிய வகைப் பிரச்சினைகளை அதில் சேர்த்து, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு அவர்களிடம் ஒப்படையுங்கள்.